லண்டன்ல இருந்து பாரிஸ் எவ்வளவு தூரம்?

எந்த ஊருக்குப் போகிறேன் என்று சொன்னாலும் அப்பாவிடமிருந்து இரண்டு கேள்விதான் வரும். "எத்தனை கிலோமீட்டர்? எத்தனை மணி நேரம்?" அந்த ஊரில் என்ன சாப்பிடுவாய், குளிருமா, சட்டை இருக்கிறதா என்பதெல்லாம் அம்மா டிபார்ட்மெண்ட். அப்பாவுக்குத் தூரமும் நேரமும் போதும். அவர் ரிட்டயர்டு டைம் கீப்பர். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஸ்டாண்டுகளில் ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதியவர். டிரைவர்கள் "அண்ணாச்சி, ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி போட்டுக்கிடுங்க" என்று கெஞ்சினாலும் போட மாட்டார். வீட்டிலும் அப்படித்தான். நாலு மணி என்றால் நாலு மணி.

2018 அக்டோபரில் ஆபீஸ் வேலையாக மூன்று வாரம் லண்டனில் இருந்தேன். நடுவில் ஒரு நாள் பாரிஸில் மீட்டிங். காலையில் போய் ராத்திரி திரும்பிவிட வேண்டும். டிக்கெட் வந்ததும் படம் எடுத்து அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"ஏல, இது எந்த ஊரு டைம் டேபிள்?"

"என்னப்பா?"

"போகும்போது எட்டு இருபதுக்கு எடுத்து பத்து முப்பத்தஞ்சுக்குப் போறான். ரெண்டே கால் மணி நேரம். சரி. வரும்போது ராத்திரி ஏழு நாப்பதுக்கு எடுத்து ஏழு அம்பத்தஞ்சுக்கு வாறான். பதினஞ்சு நிமிஷம். போறப்ப ஏத்தமா, வாறப்ப எறக்கமா?"

சிரித்துவிட்டேன். ஆனால் டிக்கெட்டைப் பார்த்த மாத்திரத்தில் ரன்னிங் டைம் கணக்குப் போட்டுப் பார்த்த அந்த மனுஷரை நினைத்தால் பெருமையாகத்தான் இருந்தது. எனக்கு அது கண்ணிலேயே படவில்லை.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. பாரிஸ் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது ஒரு மணியைக் கூட்டிவிடுகிறோம், வரும்போது கழித்துவிடுகிறோம். அதை எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றேகால் மணி நேரம்தான். இதைச் சொன்னதும் அப்பா விடவில்லை. "சூரியன் ரெண்டு ஊருக்கும் அவ்வளவு வித்தியாசமாவா உதிக்கி?" என்றார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். லண்டன் ஏறக்குறைய கிரீன்விச் கோட்டின் மேலேயே இருக்கிறது. பாரிஸ் அதிலிருந்து இரண்டு டிகிரி சொச்சம்தான் கிழக்கே. சூரியக் கணக்கில் ஒன்பது நிமிஷம் இருபத்தொரு செகண்டு வித்தியாசம். பிறகு ஏன் அறுபது நிமிஷம்?

அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1884-ல் உலகத்துக்கெல்லாம் கிரீன்விச்தான் பூஜ்ஜியக் கோடு என்று வாஷிங்டனில் கூடி முடிவு செய்தபோது பிரான்ஸ் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டது. அதற்கப்புறமும் பல வருஷம் பாரிஸ் நேரத்தையே வைத்துக்கொண்டிருந்தார்கள். 1911-ல்தான் இறங்கி வந்தார்கள். அப்போதும் சட்டத்தில் 'கிரீன்விச்' என்று எழுத மனசு வரவில்லை. "பாரிஸ் நேரத்திலிருந்து ஒன்பது நிமிஷம் இருபத்தொரு செகண்டு குறைத்துக்கொள்ளவும்" என்று எழுதினார்கள். குறைத்தால் வருவது கிரீன்விச் நேரம்தான்! ஆக 1911-க்குப் பிறகு லண்டன், பாரிஸ் இரண்டுக்கும் ஒரே நேரம். பிறகு 1940-ல் ஜெர்மன் ராணுவம் பாரிஸுக்குள் வந்தது. வந்த கையோடு கடிகாரங்களை பெர்லின் நேரத்துக்கு மாற்றி வைத்தது. போர் முடிந்தது, ராணுவம் போய்விட்டது. திருப்பி வைத்த கடிகாரம் மட்டும் திரும்பவில்லை. அப்பா கண்டுபிடித்த அந்த ஒரு மணி நேரத்துக்குக் காரணம் அதுதான்.

நம் ஊரிலும் இது நடந்ததுதான். இந்தியாவுக்கு ஒரே நேரம் என்று 1906-ல் வந்த பிறகும், நான் இருக்கிற புனேக்குப் பக்கத்து பம்பாய் 1955 வரை தன் சொந்த நேரத்தை விடவில்லை. முப்பத்தொன்பது நிமிஷம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து பம்பாயில் டைம் கீப்பர் வேலை பார்த்திருந்தால் அப்பா பாடு திண்டாட்டமாக இருந்திருக்கும்.

நிற்க. தூரத்துக்கு வருவோம்.

லண்டனுக்கும் பாரிஸுக்கும் வான்வழி நேர்கோட்டுத் தூரம் 344 கிலோமீட்டர். விமான நிலையத்துக்கு விமான நிலையம், ஹீத்ரோவிலிருந்து சார்ல் து கோல் என்று அளந்தாலும் கிட்டத்தட்ட இதே அளவுதான். சென்னையிலிருந்து திருச்சிக்கு ரயிலில் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில் பாதை கொஞ்சம் சுற்று. கடலுக்கடியில் சுரங்கம் புகுந்து போக 492 கிலோமீட்டர்.

எங்கள் ஹோட்டல் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனுக்குப் பக்கம். பாரிஸ் போகும் யூரோஸ்டார் ரயில் கிளம்புகிற செயின்ட் பாங்க்ரஸ் அதற்கு அடுத்த கட்டடம். பெட்டியை உருட்டிக்கொண்டே போய்விடலாம். என்னோடு வந்த நாசிக் நண்பர் பேசாமல் ரயிலில் டிக்கெட் போட்டுக்கொண்டார். நான்தான் புத்திசாலி. ரயில் இரண்டேகால் மணி நேரம், விமானம் ஒன்றேகால் மணி நேரம் என்று பார்த்து, "ஒரு மணி நேரம் மிச்சமாச்சே" என்று விமானத்தில் போட்டேன். நண்பர் என்னைப் பார்த்து, கல்யாணமாகாத பையனைப் பார்க்கிற மாதிரி சிரித்தார். எதற்கென்று அப்போது புரியவில்லை.

அன்றைக்கு நடந்ததை அப்பா பாணியில் எழுதுகிறேன். எல்லாம் லண்டன் நேரம்.

5.35 ஹோட்டலை விட்டுக் கிளம்பினேன். 5.45 பிக்காடில்லி லைன் ரயில். 6.50 ஹீத்ரோ. செக்யூரிட்டியில் பெல்ட், ஷூ, லேப்டாப் எல்லாம் கழற்றி மாட்டி, கேட்டுக்குப் போனபோது 7.40. விமானம் 8.20-க்கு. கதவைச் சாத்திப் பின்னால் தள்ளி, வரிசையில் நின்று, ஓடி மேலே எழும்பியபோது 8.45. பாரிஸ் தரையைத் தொட்டபோது 9.32. தரையிலேயே ஊர்ந்து கேட்டுக்கு வந்தது 9.45. பாஸ்போர்ட் வரிசை முடிந்து வெளியே வந்தது 10.15. டிக்கெட் எடுத்து ஆர்.ஈ.ஆர். ரயில் ஏறியது 10.30. கார் து நோர் ஸ்டேஷன் 11.00. அங்கிருந்து ஐந்து நிமிஷ நடை. 11.05-க்கு ஆபீஸ் வாசல்.

நாசிக் நண்பர் 7 மணிக்கு ஹோட்டலை விட்டுக் கிளம்பியிருக்கிறார். செயின்ட் பாங்க்ரஸிலேயே பிரிட்டிஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் அடுத்தடுத்து உட்கார்ந்து பாஸ்போர்ட்டைப் பார்த்துவிடுகிறார்கள். அதனால் பாரிஸில் இறங்கினால் நேராக வெளியே நடக்க வேண்டியதுதான். 10.30-க்கெல்லாம் ஆபீஸ் வாசலுக்கு எதிரே இருந்த கடையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் வியர்க்க விறுவிறுக்க வருவதைப் பார்த்து, "ஒரு மணி நேரம் மிச்சம் பண்ணிட்டு வந்தீங்களே, அதை எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அவரே எனக்கும் ஒரு காபி சொன்னார். :-)

ராத்திரி திரும்பும்போது இன்னொரு கூத்து. ஹீத்ரோவில் இரண்டே ஓடுபாதை, நாளெல்லாம் நெரிசல். வருகிற விமானங்களை ஊரைச் சுற்றி நாலு மூலையில் வட்டமடிக்க வைத்து ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார்கள். பஸ் ஸ்டாண்டுக்குள் 'பே' காலியில்லை என்று வாசலில் வண்டிகளை நிறுத்தி வைப்பார்களே, அதேதான். ஆனால் விமானத்தை நிறுத்தி வைக்க முடியாது என்பதால் சுற்ற விடுகிறார்கள். ஜன்னல் வழியாக ஒரே விளக்குக் கூட்டத்தை மூன்று தடவை பார்த்தேன்.

போகும்போதும் ஒரு வேடிக்கை உண்டு. பாரிஸ் லண்டனுக்குத் தென்கிழக்கே. ஆனால் அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால், எதிர்காற்றில் எழும்ப வேண்டி ஹீத்ரோவிலிருந்து விமானங்கள் பெரும்பாலும் மேற்குப் பார்த்துத்தான் கிளம்பும். பாரிஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்பி, அப்புறம் வளைந்து வர வேண்டும். மேலே போய்ச் சமநிலைக்கு வந்தோமா, பணிப்பெண்கள் அரக்கப்பரக்கப் பிஸ்கட்டும் தண்ணீரும் கொடுத்தார்களா, உடனே இறங்க ஆரம்பித்துவிடும். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்கிறார்களே, அந்த வேகத்தில் அது ஓடுகிற நேரம் கொஞ்சம்தான்.

அப்பாவுக்குப் போன் போட்டு முழுக் கணக்கையும் ஒப்பித்தேன். ஐந்தரை மணி நேரத்தில் நான் உண்மையில் பறந்தது நாற்பத்தேழே நிமிஷம். ஏழில் ஒரு பங்கு.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. மனக்கணக்குப் போடுகிறார் என்று தெரியும்.

"முன்னூத்தி நாப்பத்தி நாலு கிலோமீட்டர், அஞ்சரை மணி நேரம். மணிக்கு அறுபத்திரெண்டு, அறுபத்திமூணு வருது. நம்ம மதுரை பாயிண்ட் டு பாயிண்ட் வண்டியும் அந்த வேகந்தான்ல போகுது."

பிறகு ஒரு சந்தேகம் கேட்டார். டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்று போட்டிருக்கிறானே, பறந்தது நாற்பத்தேழு நிமிஷம் என்கிறாயே, மிச்சம் எங்கே?

விமானக் கம்பெனிகள் டிக்கெட்டில் போடுவது பறக்கிற நேரத்தை அல்ல. 'பிளாக் டைம்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். விமானம் நிற்கும்போது நகராமல் இருக்கச் சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு கட்டையைச் செருகி வைப்பார்கள். இந்த ஊரில் அந்தக் கட்டையை எடுப்பதிலிருந்து, அந்த ஊரில் மறுபடி கட்டையைச் செருகுகிற வரைக்கும் உள்ள நேரம்தான் பிளாக் டைம். தரையில் ஊர்கிற நேரம், வரிசையில் நிற்கிற நேரம் எல்லாம் அதற்குள் அடக்கம். கூடவே, தாமதமானாலும் சரியான நேரத்துக்கு வந்ததாகக் காட்ட ஐந்து பத்து நிமிஷம் கூடுதலாகவும் சேர்த்துக்கொள்வார்கள். அதனால்தான் சில சமயம் லேட்டாகக் கிளம்பிய விமானம் "குறித்த நேரத்துக்கு முன்பே வந்து சேர்ந்தோம்" என்று பெருமையடிக்கும்.

"சக்கரத்துக்குக் கல்லு வைக்கிறதுதான? நம்ம டிப்போலயும் உண்டே" என்றார் அப்பா. அவருக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் சொன்னதுதான் முக்கியம். "கல்லுல இருந்து கல்லு கணக்கு வண்டிக்குச் சரி. மனுஷனுக்குக் கணக்கு வாசல்ல இருந்து வாசல்தான்."

அன்றைக்கு இதை ஒரு நல்ல வசனமாக எடுத்துக்கொண்டு, நாசிக் நண்பரிடம் இந்தியில் மொழிபெயர்த்துச் சொல்லிப் பாராட்டும் வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான். மண்டைக்குள் போகவில்லை.

அந்த லண்டன்-பாரிஸ் பாதையைப் பற்றிப் பிறகு கொஞ்சம் படித்தேன். உலகத்திலேயே நாள்தோறும் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு என்று கால அட்டவணை போட்டு விமானம் விட்டது முதலில் இங்கேதான் என்கிறார்கள். 1919 ஆகஸ்ட் 25. லண்டனுக்கு வெளியே ஹவுன்ஸ்லோ ஹீத் என்ற திடலிலிருந்து பாரிஸுக்குப் பக்கத்து லெ பூர்ஜே. போர்க்காலத்தில் குண்டு போடச் செய்த விமானத்தை மாற்றி இரண்டு பேர் உட்காரும்படி செய்திருந்தார்கள். முதல் நாள் பயணி ஒரே ஒரு பத்திரிகைக்காரர். கூடவே செய்தித்தாள் கட்டு, தோல், பாலேடு, வேட்டையாடிய பறவைகள் என்று சரக்கு. போய்ச் சேர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். நான் ஹீத்ரோவுக்குப் போன பிக்காடில்லி லைனில் ஹவுன்ஸ்லோ என்ற பெயரில் வரிசையாக ஸ்டேஷன்கள் வரும். அந்தத் திடல் இருந்தது அந்தப் பக்கம்தான். தூக்கக் கலக்கத்தில் தாண்டிப் போயிருக்கிறேன்.

அதற்கும் பத்து வருஷம் முன்னால், 1909 ஜூலை 25-ல், பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் தானே செய்த விமானத்தில் கலேயிலிருந்து டோவருக்குக் கடலைத் தாண்டினார். சுமார் முப்பத்தேழு நிமிஷம். ஒரு லண்டன் பத்திரிகை அறிவித்திருந்த ஆயிரம் பவுண்டு பரிசு அவருக்குக் கிடைத்தது.

ஆரம்ப காலத்தில் பைலட்டுகள் கீழே தெரியும் ரோட்டையும் தண்டவாளத்தையும் பார்த்துக்கொண்டேதான் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் லாரிக்காரர்கள் மூடுபனியில் முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கைப் பிடித்துப் போகிற மாதிரி. 1922 ஏப்ரலில் லண்டனிலிருந்து ஒன்று, பாரிஸிலிருந்து ஒன்று, மூடுபனியில் ஒரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு எதிரெதிரே வந்து வட பிரான்சில் மோதிக்கொண்டன. ஏழு பேர் இறந்தார்கள். பயணி விமானங்கள் இரண்டு வானத்தில் மோதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ஆபத்தில் மாட்டிய பைலட் ரேடியோவில் 'மே டே, மே டே' என்று கத்துவாரே, அதுவும் இந்தப் பாதை கொடுத்ததுதான். 1920-களில் லண்டன் விமான நிலையம் கிராய்டனில் இருந்தது. அங்கிருந்து நிறையப் போக்குவரத்து லெ பூர்ஜேக்கு. இங்கிலீஷ்காரனுக்கும் புரிய வேண்டும், பிரெஞ்சுக்காரனுக்கும் புரிய வேண்டும் என்று மாக்ஃபோர்ட் என்கிற ரேடியோ அதிகாரி 1923-ல் யோசித்து எடுத்த வார்த்தை அது. "எனக்கு உதவு" என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் ஓசை. 1927-ல் உலகம் முழுக்க ஒப்புக்கொண்டார்கள்.

எனக்கு வேடிக்கையாகப் பட்டது இன்னொன்று. 1919-ல் விமானத்துக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். இன்றைக்கு ரயிலுக்கு இரண்டேகால் மணி நேரம். நூறு வருஷத்தில் ரயில் வந்து அந்த முதல் விமானத்தைப் பிடித்துவிட்டது! அதுவும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1936-லிருந்து 1980 வரைக்கும் லண்டனில் படுத்தால் பாரிஸில் எழுந்திருக்கிற மாதிரி ஒரு ராத்திரி ரயில் ஓடியிருக்கிறது. டோவரில் ரயில் பெட்டிகளை அப்படியே கப்பலில் ஏற்றிவிடுவார்களாம். 1994-ல் கடலடிச் சுரங்கம் திறந்தது. சுரங்கம் 50 கிலோமீட்டர், அதில் கடலுக்கு அடியில் மட்டும் 38 கிலோமீட்டர். அப்போது பயணம் மூன்று மணி நேரம். பிரான்ஸ் பக்கம் பறக்கிற ரயில் இங்கிலாந்துக்குள் வந்ததும் பழைய தண்டவாளத்தில் லோக்கல் வண்டிகளோடு தள்ளாடி வந்தது. 2003-ல் பாதி, 2007 நவம்பரில் மீதி என்று இங்கிலாந்து பக்கமும் வேகப்பாதை போட்ட பிறகுதான் இந்த இரண்டேகால் மணி நேரம் வந்தது.

பிரான்ஸ் 2023-ல் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய உள்நாட்டு ஊர்களுக்கு விமானம் விடக் கூடாது. பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து லியோன், நான்ட், போர்தோ போய்க்கொண்டிருந்த விமானங்கள் இதில் அடிபட்டன. லண்டன் வெளிநாடு என்பதால் தப்பித்தது. புகையைக் குறைக்க என்றுதான் சட்டம். ஆனால் வாசலிலிருந்து வாசல் கணக்குப் போட்டால், சட்டம் இல்லாமலேயே இந்தத் தூரத்துக்கு ரயில்தான் என்று யாருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் வேறு.

2023 தை மாசம். பொங்கல் முடிந்து நான் புனே திரும்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அம்மா முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கோவில்பட்டியிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு ஆபரேஷன் என்று அப்பா போன் பண்ணினார். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"பயப்படாதம்மா. நான் காலைல கிளம்பி வாறேன். ரெண்டு பிளைட்டும் சேர்த்து மூணு மணி நேரந்தான். நீ தியேட்டருக்குள்ள போறதுக்கு முன்னாடி நான் அங்க இருப்பேன்."

"நீ வந்துருவேல்ல?" என்றாள். "உன்னைப் பாத்துட்டு உள்ள போறேன்."

புனேயிலிருந்து கோவில்பட்டி நேர்கோட்டில் 1,100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மும்பையிலிருந்து நாகர்கோவில் போகிற ரயிலில் வந்தால் ஒன்றரை நாள் ஆகும், அதனால் விமானம்தான் வழி. அதில் தப்பில்லை. தப்பு, கல்லிலிருந்து கல் கணக்கை எடுத்து அம்மாவிடம் சொன்னதில்.

ராத்திரி 2.15-க்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். காலை ஐந்து மணிச் சென்னை விமானம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம். சென்னையில் இறங்கி ஓடினால் மதுரை விமானத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள். அடுத்தது பதினொன்று ஐம்பத்தைந்துக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு விமானமாகக் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதுரையில் இறங்கியது 1.15. டாக்சி பிடித்து விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தது 1.40. இரண்டு மணிக்கு நான் திருமங்கலத்தைக்கூடத் தாண்டவில்லை. 3.10-க்கு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினேன்.

அம்மாவை உள்ளே கொண்டுபோய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்பா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "வா" என்றார். எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று கேட்கவில்லை. என் நினைவு தெரிந்து அவர் அதைக் கேட்காதது அன்றைக்குத்தான்.

நாலரைக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அம்மா கண் விழித்துப் பேச ராத்திரி ஆனது. மறுநாள், சித்தி தலை வாரிவிட்டுக்கொண்டிருக்கும்போது, அம்மா என்னைப் பார்த்து, "பரவால்லய்யா, நீ பக்கத்துல வந்துட்டேன்னு தெரிஞ்ச பெறகு எனக்குப் பயமில்ல" என்றாள்.

"பக்கத்துல வந்துட்டேனா?"

"ஆமா. ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போகும்போது, அவன் எங்க வாறான்னு உங்கப்பாகிட்டக் கேட்டேன். வாச்சைப் பாத்துட்டு, 'சாத்தூர் தாண்டிட்டான்'னாக. சாத்தூர்னா இந்தா இருக்கு. இன்னும் கால் மணி நேரத்துல வந்துருவான், நான் வெளிய வரும்போது நிப்பான்னு நினைச்சிட்டே உள்ள போயிட்டேன்."

அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தார்.

நான் டாக்சியில் ஏறும்போதே அவருக்குப் போன் செய்து சொல்லியிருந்தேன், இப்போதுதான் மதுரை ஏர்போர்ட்டை விட்டு வெளியே வருகிறேன் என்று. எந்த வண்டி எந்த நிமிஷத்தில் எந்த இடத்தில் இருக்கும் என்று அவருக்குச் சொல்ல வேண்டாம். திருமங்கலத்துக்கும் சாத்தூருக்கும் நடுவில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அஞ்சு நிமிஷம் முன்னால் போட்டுக்கொள்ளச் சொன்னாலும் போடாத மனுஷர், அன்றைக்கு ஐம்பது கிலோமீட்டர் முன்னால் போட்டிருக்கிறார்.

அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் இன்று வரை பேசிக்கொண்டதில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாசலிலிருந்து வாசல் பன்னிரண்டு மணி ஐம்பத்தைந்து நிமிஷம். அதில் வானத்தில் இருந்தது இரண்டேகால் மணி நேரம் இருக்கும். வேகம் மணிக்கு எண்பத்தேழு கிலோமீட்டர் வருகிறது. பார்க்கப் போனால் லண்டனிலிருந்து பாரிஸ் போனதைவிட வேகமாகத்தான் வந்திருக்கிறேன். வேகத்தில் குறையில்லை. மூன்று மணி நேரம் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. "பதிமூணு மணி நேரம் ஆகும்மா, நீ தைரியமா உள்ள போ, வெளிய வரும்போது நான் நிப்பேன்" என்று சொல்லியிருந்தால் அம்மாவும் என்னைத் தேடியிருக்க மாட்டாள், அப்பாவும் பொய் சொல்லியிருக்க வேண்டாம்.

வெளியூரில் வேலை பார்க்கிற நம்மில் பலர் இந்தத் தப்பைச் செய்கிறோம் என்று நினைக்கிறேன். "இந்தா இருக்கிற பூனா, ரெண்டு மணி நேரத்துல வந்துருவேன்." "பெங்களூர்தானே, ஒரு எட்டு." விமான டிக்கெட்டில் இருக்கிற நேரத்தைச் சொல்லிச் சொல்லி, ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறோம் என்று அவர்களையும் நம்ப வைத்து, நாமும் நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கையில்தான் பொங்கலுக்கு இரண்டு நாள் போதும் என்று லீவு போடுகிறோம்.

இப்போது அம்மா வாக்கர் வைத்துக்கொண்டு முற்றம் வரைக்கும் நடக்கிறாள். யாராவது என்னிடம் "புனேயிலிருந்து உங்க ஊர் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் "பதிமூணு மணி நேரம்" என்கிறேன். "பிளைட்ல போக மாட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். பிளைட்டில்தான் என்கிறேன்.

போன மாதம் ஊருக்குக் கிளம்பும்போது அப்பாவிடம் சொன்னேன். அவர் வழக்கம்போல, "எத்தனை மணிக்கு வீட்டு வாசல்ல இருப்ப?" என்றார். கவனியுங்கள், கேள்வி மாறியிருக்கிறது. சாயங்காலம் ஆறு மணி என்றேன். வழியில் ஒன்றும் தாமதமில்லை, ஐந்தரைக்கே போய்விட்டேன். அப்பா தெருமுனையில் நின்றுகொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அரை மணி நேரம் முந்தி வந்துட்ட. முந்தி வாறதும் தப்புதான்ல" என்றார். பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.